கேட்காததைக் கொடுத்த அபூ ஸுஹைல்

எங்கள் ஸிந்தியான் மலையிலிருந்து யார் வீட்டுப் பையனுக்குப் பெண் கேட்கப் போனாலும் அபூ ஸுஹைல் இல்லாமல் போவதில்லை. அவர் பணக்காரர் அல்லர். அம்மான் நகரத்தின் கடைவீதிக்கும் எங்கள் மலையடிவாரத்துக்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம் ஷேர் டாக்ஸி ஓட்டியவர். பேச்சாளரும் அல்லர்; வண்டியில்கூடப் பயணிகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவாரே தவிர வாயைத் திறக்கமாட்டார். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு முகம். அடர்ந்த வெள்ளை மீசை, அதற்கு மேலே யாரையோ சற்றுமுன்தான் மன்னித்துவிட்டது போன்ற கண்கள். அந்த முகத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே நல்ல முகத்துக்குத் தட்டுப்பாடு உள்ள குடும்பங்கள் அவரை இரவல் வாங்கின. வெள்ளிக்கிழமை தவறாமல் ஒட்டக மயிர் அங்கியை மாட்டிக்கொண்டு எவனோ ஒருவனுடைய தாய்மாமன்போல எங்காவது உட்கார்ந்திருப்பார்.

பெண் கேட்டுப் போகும் பெரியவர்களின் கூட்டத்தை ஜாஹா என்போம். உள்ளே போய் உட்கார்ந்ததும் கசப்புக் காப்பி வரும். ஜாஹாவின் தலைவர் சின்னக் கோப்பையை வாங்கி எதிரிலுள்ள மேசையில் வைத்துவிடுவார். குடிக்கமாட்டார். வைத்த கோப்பை வைத்தபடி இருந்தால் வந்தவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று பொருள். அவர் எழுந்து கோரிக்கையைச் சொல்வார். வீட்டுக்காரர் கொஞ்சம் யோசிப்பதுபோல் யோசித்து, “காப்பியைக் குடிங்க, வந்த காரியம் உங்களுது” என்பார்; கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று பொருள். பிறகுதான் தலைவர் குடிப்பார், மற்றவர்களும் குடிப்பார்கள். பிறகு பாத்திஹா என்ற பிரார்த்தனை, வாழ்த்து, இனிப்பு.

நடுங்கவைக்கும் காட்சிதான். ஆனால் இதில் யாரும் நடுங்கியதில்லை. ஏனென்றால் ஜாஹா புறப்படுவதற்குப் பல வாரம் முன்பே இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மகர் எவ்வளவு, குளிர்பதனப் பெட்டி யார் வாங்குவது, மாமியார் தனிக் குடித்தனத்துக்கு ஒப்புக்கொள்வாளா என்பது வரை முடித்திருப்பார்கள். ஆண்கள் போவது, முடிந்த காரியத்தை முடியாததுபோல் நடித்து முடித்துவைக்க. ஆயுள் முழுவதும் ஜாஹாக்களில் உட்கார்ந்த அபூ ஸுஹைல் ஒரு கோரிக்கைகூட மறுக்கப்பட்டுக் கண்டதில்லை. தம் கல்யாணத்தின்போது மட்டும் உண்மையாகவே பயந்தாராம். அவர் மனைவி ரஸ்மியா அதை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். அவளும் அவளுடைய வருங்கால மாமியாரும் அதற்கு முந்தின மாதமே சேர்ந்து போய்த் திரைச்சீலைத் துணி எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஒவ்வொருவராகப் பெரியவர்கள் இறந்துபோக, அபூ ஸுஹைல் இருக்கை மாறாமலே பதவி உயர்ந்தார். ஓரத்தில் இருந்தவர் நடுவுக்கு வந்தார். கடைசியில் எங்கள் மலையின் விருந்துக்கூடத்துக்கு யார் வந்தாலும் வீட்டுக்காரர் இடத்தில் உட்கார்வது அவர் என்றாயிற்று. அந்த இடத்தில் பேசவேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்படியிருந்தபோதுதான் எங்கள் மலையின் எதிர்காலத்தை எங்களிடமே கேட்டுத் தீர்மானிக்கப்போவதாக ஒரு திட்ட அலுவலகத்திலிருந்து அரீஜ் என்ற பெண் பொறியாளர் வந்தாள்.

எங்கள் மலைக்குத் தெரு கிடையாது, படிகள்தான். எத்தனை படி என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போனதில்லை. சிலிண்டரும் கோதுமை மூட்டையும் பிள்ளைத்தாய்ச்சியும் நோயாளியும் எல்லாம் அந்தப் படி வழியாகத்தான். பாதி ஏற்றத்தில் ஓர் அகலமான தளம் உண்டு. அங்கே ஒரு முசுக்கொட்டை மரம்; அதை ஒட்டி உம் ஃபிராஸின் இரண்டு அறைகள். கணவர் போனபின் அவள் கத்தரிக்காயை வாதுமையும் மிளகாயும் அடைத்து எண்ணெயில் ஊறவைத்து விற்றுப் பிழைக்கிறவள். மூச்சு வாங்கி ஏறுகிறவர்கள் அந்தத் தளத்தில் நிற்காமல் போகமுடியாது. நின்றால் அவள் வாயில் விழாமலும் போகமுடியாது. மலையின் சுங்கச்சாவடி என்று சொல்லலாம். அபூ ஸுஹைலின் வீடு அதற்கும் மேலே.

அரீஜ் நல்ல பெண். அந்த வேலையில் இருப்பவர்களிடம் வழக்கமாக இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது: உண்மையிலேயே அவள் எதையும் தீர்மானித்துக்கொண்டு வரவில்லை. மூன்று படங்கள் கொண்டுவந்தாள். ஒன்றில் படிகள் அப்படியே இருக்கும். கைப்பிடி, விளக்கு, சாக்கடை வரும். இரண்டாவதில் அடிவாரத்திலிருந்து தளத்தை ஊடுருவி உச்சிவரை கார் போகும் தெரு. மூன்றாவதில் படிகளின் சுவரெல்லாம் ஓவியம், தேநீர்க்கடைகள், நிழற்படம் எடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள். மூன்றையும் விருந்துக்கூடத்துச் சுவரில் ஒட்டி, ஆளுக்குச் சில பச்சைப் பொட்டுகளைக் கொடுத்துப் பிடித்த படத்தில் ஒட்டச் சொன்னாள்.

எங்கள் ஆட்கள் மூன்று படத்துக்கும் சரிசமமாக ஒட்டினார்கள். வந்த விருந்தாளிகளில் ஒருவருக்கு மட்டும் சோறு வைத்து மற்றவரைப் பட்டினி போடுவது எங்கள் வழக்கம் இல்லை. அரீஜ் பொட்டுகளை எண்ணிப் பார்த்தாள், முகம் வாடிற்று. எல்லோருக்கும் எல்லாமே பிடித்திருப்பதாகத் தெரிந்தது. அது உண்மையில் யாரும் எதையும் நம்பவில்லை என்பதன் மரியாதையான வடிவம். பொதுக் கூட்டம் என்றால் ஏற்கெனவே முடிவான ஒன்றை அறிவிப்பதற்கு என்பதே நாங்கள் அறிந்தது. திரைச்சீலை யார் எடுத்தார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. மளிகைக்கடை ஹிக்மத் கூட்டத்துக்கு முன்பே அந்த அலுவலகத்தில் இருக்கும் ஒரு மச்சானை வைத்து விசாரித்துப் பார்த்தார். ஒன்றும் முடிவாகவில்லை என்று மச்சான் சொன்னதும், விஷயம் அவ்வளவு பெரியதா, மச்சானிடமே மறைக்கிறார்களே என்று கவலைப்பட்டார்.

பெண்களும் கட்டாயம் வரவேண்டும் என்று அரீஜ் கேட்டிருந்தாள். வந்தார்கள். நாற்காலி போதவில்லை என்று உள்ளறையில் உட்கார்ந்தார்கள். கதவு திறந்திருந்தது, குரல் கேட்டது, மேசை தெரியவில்லை. நடந்ததெல்லாம் அந்த மேசையால் நடந்தது.

அது ஷஅபான் மாதம். ரமலானில் விலக்கு நாட்களில் விட்டுப்போன நோன்புகளை ஆண்டு முழுவதும் ஒத்திப்போட்ட பெண்கள், அடுத்த ரமலான் வாசலில் வந்து நிற்கும்போது அவசர அவசரமாக நோற்றுத் தீர்க்கும் மாதம். அரீஜ் அன்று நோன்பு. நோன்பு என்று சொன்னால் எதனால் விட்டுப்போனது என்பது ஆண்கள் நிறைந்த கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஆகவே காப்பி வந்ததும் வலக்கையால் பணிவாக வாங்கினாள், மேசையில் வைத்தாள், எழுந்து நின்று படங்களை மறுபடி ஒவ்வொன்றாக விளக்கி, இரண்டாவதான தெருப் படத்தைச் சுவரிலிருந்து கையில் எடுத்தாள்.

அபூ ஸுஹைல் படத்தைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்தார். தலைமை விருந்தாளி எதிரே நிற்கிறாள். கோப்பை குடிக்காமல் இருக்கிறது. ஆவி அடங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் பொறுப்பான்? அவள் மூச்சு விட நிறுத்திய இடத்தில் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

“காப்பியைக் குடிங்க, இன்ஜினியரம்மா. வந்த காரியம் உங்களுது.”

கூடம் ‘வாழ்த்துகள்’ என்றது. ஒரு கிழவர் பாத்திஹாவுக்குக் கையையே ஏந்திவிட்டார். அரீஜும் இந்த ஊர்ப் பெண்தான். ஜாஹா என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும். ஆனால் தானே ஒரு ஜாஹா என்பது அவளுக்குத் தெரியவில்லை. பொட்டுகளால் ஆகாதது பெரியவரின் ஒரு சொல்லால் ஆயிற்றே, மலை தெருவைத் தேர்ந்தெடுத்துவிட்டதே என்று கண்கலங்க நன்றி சொல்லிப் படங்களைச் சுருட்டிக்கொண்டு போனாள். காப்பியைக் குடிக்கவில்லை. அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த வாரம் நில அளவுக்காரர்கள் வந்து உம் ஃபிராஸின் சுவரில் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். கோடு அவளது சமையல் மேடையின் நடுவே போயிற்று. தெரு வந்தால் இரண்டு அறையும் போகும். அவள் அளவுக்காரர்களுக்குத் தேநீர் கொடுத்து, யார் சொல்லி இந்தக் கோடு என்று கேட்டாளாம். மீசை வைத்த பெரியவர், பெயர் தெரியாது என்றார்களாம்.

உம் ஃபிராஸ் சண்டைக்கு வரவில்லை. அவள் செய்தது அதைவிட மோசம். ரஸ்மியா முந்தின நாள் ஒரு தட்டில் திராட்சையிலைச் சுருட்டல் அனுப்பியிருந்தாள். தட்டு திரும்பி வந்தது; கழுவித் துடைத்து, காலியாக. எங்கள் மலையில் அண்டைவீட்டுத் தட்டு காலியாகத் திரும்புவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழமாவது வைப்பார்கள். ரஸ்மியா அந்தத் தட்டைக் கணவர் முன்னால் வைத்தாள்.

அவர் தம் நியாயத்தைச் சொன்னார். கோப்பை வைத்தபடி இருந்தது, வழக்கப்படி சொன்னேன், நாக்குத் தவறிவிட்டது என்றார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கமுடியுமா, காப்பியின் மேல் கொடுத்த வாக்கு அல்லவா என்றும் சொன்னார். ஹிக்மத்தும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். உம் ஃபிராஸுக்கு வேறு இடம் பார்த்துத் தருவோம், ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம் என்று பேசிக்கொண்டார்கள். உம் ஃபிராஸுக்குத் தெரியாமல் அவளுக்காக இரக்கப்படுவதில் மலை முழுவதும் ஒற்றுமையாக இருந்தது.

ரஸ்மியா இதையெல்லாம் கேட்டுவிட்டு வேறு ஒன்று கேட்டாள்.

“நாக்குத் தவறிச்சுன்னீங்க. சரி. எந்தப் பக்கமாத் தவறிச்சு?”

அபூ ஸுஹைல் முழங்காலைத் தடவிக்கொண்டார். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஆயுள் முழுவதும் படி ஏறியவர் அவர். ஊரையெல்லாம் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டவர். தம் வாசலுக்கு ஒருநாளும் வண்டியில் வந்ததில்லை. இப்போது முழங்கால் மடங்குவதில்லை. அவருடைய தம்பிக்கு நெஞ்சு வலித்தபோது நாற்காலியில் வைத்துக் கட்டி இறக்கினார்கள்; ஆம்புலன்ஸ் கீழே நின்றுகொண்டிருந்தது; தம்பி தளத்தைத் தாண்டவில்லை. தெரு அவருக்கு வேண்டும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் உம் ஃபிராஸின் அறைகள் எனக்கு வேண்டும் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு கோப்பை காப்பி பிடுங்கிக்கொண்டுவிட்டதா, அல்லது அவர்தான் கோப்பையைச் சாக்காக வைத்துக் கொடுத்துவிட்டாரா என்பது அவருக்கே தெரியாது.

“ஆம்பளைங்க முடிச்சதை ஆம்பளைங்களால அவிழ்க்க முடியாது,” என்றாள் ரஸ்மியா. “நான் அவ அம்மாவைப் பாக்கப் போறேன்.”

பொறியாளரின் அம்மாவுக்கும் நகரத் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அபூ ஸுஹைல் கேட்டார். ஒரு காரியத்தை அம்மாவிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது என்று ரஸ்மியா திருப்பிக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே திட்டமிடும் முறை அது. அம்மானில் குடும்பப் பெயர் தெரிந்தால் வீடு கண்டுபிடிக்க ஒரு மத்தியான நேரம் போதும். வேறு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பேரீச்சை வைத்த மஅமூல் என்ற பலகாரம் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு, நல்ல உடுப்பாக உடுத்தி மேற்கு அம்மானுக்குப் போனாள்.

பின்னால் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்த அம்மா, முன்பின் தெரியாத மூன்று பெண்கள் நல்ல உடுப்பில் பலகாரத் தட்டோடு நிற்பதைப் பார்த்தாள். கல்யாண வயதில் மகள் இருக்கும் வீட்டில் இதற்கு ஒரே பொருள்தான். முகம் மலர்ந்து உள்ளே அழைத்து, வெள்ளித் தட்டு எடுத்து, மகளுக்குத் தொலைபேசியில் கிசுகிசுத்து உடனே வரச் சொன்னாள். ரஸ்மியா தவறைத் திருத்தவில்லை. வந்ததுதான் வந்தோம், பெண்ணையும் பார்த்துவைப்போமே என்று தோன்றியதாம். ஹிக்மத்தின் இரண்டாவது பையன் இன்னும் கல்யாணம் ஆகாமல்தான் இருக்கிறான்.

அரீஜ் வந்து பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா, வந்தவர்களுக்கு மகளின் அருமையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளின் முன்னால் பலகாரத் தட்டை நீட்டிய ரஸ்மியாவின் கையைப் பிடித்து, “அவளுக்கு வேணாங்க, நோன்பு வெச்சிருக்கா. எல்லாத்தையும் கடைசி மாசத்துக்குத் தள்ளிவெக்கிறதுதான் அவ பழக்கம். இந்த மாசம் பூரா இப்படித்தான்,” என்றாள்.

ரஸ்மியாவின் கை தட்டோடு அந்தரத்தில் நின்றது.

“எங்க மலைக்கு வந்தியே, அன்னைக்கும் நோன்பா மகளே?”

அரீஜ் தலையாட்டினாள். ரஸ்மியா தட்டை வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கமுடியாமல், அந்தக் கோப்பையின் கதையைச் சொன்னாள். அம்மா முதலில் சிரித்தாள். வந்தவர்கள் பெண் கேட்க வரவில்லை என்பது புரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். அரீஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

“நான் ஒண்ணையும் கேக்க வரல பெரியம்மா. நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். எதுவும் முடிவு பண்ணல; அந்த மூணு படமும் சும்மா உதாரணத்துக்கு, வெறும் தாளோட வந்த மாதிரிதான். ஏன் ஒருத்தரும் நம்பல?”

“வெறும் தாளோட யாரும்மா பொண்ணு கேக்க வருவாங்க?” என்றாள் ரஸ்மியா.

அரீஜ் திட்டத்தை மறுபடி திறப்பதாகச் சொன்னாள். ஆனால் மலையிலிருந்து யாராவது வாயைத் திறந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லவேண்டும். பொட்டுகளோ வாழ்த்துகளோ இனி உதவா. அதற்கு ரஸ்மியா, அடுத்த முறை நோன்பு இல்லாத நாளில் வா, காப்பி வந்ததும் குடித்துவிடு, மற்றதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவருக்குப் பெரிய நிம்மதி. கோரிக்கையே இல்லை என்றால் கொடுத்த வாக்கும் இல்லை. உம் ஃபிராஸிடம் போய் அப்படியே சொல்லிவிடலாம் என்று அங்கியை எடுத்தார்.

“உக்காருங்க,” என்றாள் ரஸ்மியா. “கேட்டதைக் கொடுத்தா அது வாக்கு. கேக்காததைக் கொடுத்தா அதுக்குப் பேரு வாக்கு இல்ல, ஆசை. அவகிட்ட அதைச் சொல்லத் தைரியம் இருந்தாப் போங்க.”

அவர் அங்கியை மறுபடி ஆணியில் மாட்டிவைத்தார்.

இரண்டாவது கூட்டத்துக்கு ரஸ்மியா அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகளை வரவழைத்துக் கூடத்திலேயே போட்டுவிட்டாள். ஆண்கள் நாற்காலிகளைப் பார்த்தார்கள், பெண்களைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். உம் ஃபிராஸ் வந்து, அபூ ஸுஹைலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அரீஜ் வந்தாள். காப்பி வந்தது. அவள் கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்து, போதும் என்பதற்கு அடையாளமாக அதை இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கூடம் கலங்கிப்போயிற்று. ஒன்றும் கேட்காத விருந்தாளிக்கு என்ன பதில் சொல்வது? எங்களுக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்துக்கு அங்கே வேலை இல்லை. அரீஜ் சுவரில் வெறும் தாள் ஒன்றை ஒட்டிவிட்டு அதன் பக்கத்தில் பேனாவோடு நின்றாள். எல்லோரும் வழக்கம்போல் அபூ ஸுஹைலைப் பார்த்தார்கள். உம் ஃபிராஸும் பார்த்தாள்.

அவர் எழுந்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் அன்று மன்னிப்பைக் காணோம். மன்னிப்புக் கேட்கும் ஒரு கிழவர்தான் இருந்தார்.

“அன்னைக்கு நான் கோப்பையைப் பாத்துச் சொன்னேன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். முழுசா அப்படி இல்ல,” என்றார். “எனக்குத் தெரு வேணும். கால் போச்சு. என் தம்பி இந்தப் படியிலதான் போனான். வீட்டு வாசல்ல வண்டி வந்து நிக்கணும், அவ்வளவுதான் என் ஆசை. உம் ஃபிராஸோட வீடும் போகக்கூடாது. அவ வீட்டை இடிச்சு வர்ற தெருவுல எனக்கு வண்டியும் ஓடாது, காலும் ஓடாது. ரெண்டும் வேணும். ரெண்டும் எப்படி ஒண்ணாச் சேரும்னு எனக்குத் தெரியல.”

உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்து, “அன்னைக்குக் கொடுத்தது என்னுதும் இல்ல,” என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு உம் ஃபிராஸ், அவரைப் பார்க்காமல், சுவரில் இருந்த தாளைப் பார்த்துச் சொன்னாள்:

“தெரு எனக்கும் வேணுந்தான். ஜாடியெல்லாம் தலையில தூக்கி இறக்கறது நான்தானே. என் சமையல் மேடை வழியா வேணாம். என்னை யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”

எங்கள் அனைவருக்கும் அது பேரதிர்ச்சி. அவளுக்காக இரக்கப்பட்ட நாட்களில் ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் படிகளைக் காதலிக்கிறாள் என்று நாங்களே முடிவுகட்டி, அவளை வைத்துப் படிகளுக்காகக் கண்ணீர்விட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பின் ஆரம்பித்தது. ஹிக்மத்துக்கு ஓவியமும் வெளிநாட்டுக்காரர்களும் வேண்டுமாம்; தெரு வந்தால் எல்லோரும் காரில் போய்ப் பெரிய கடையில் சாமான் வாங்குவார்கள், தம் கடை என்ன ஆவது என்றார். நீங்க விக்கிற விலைக்கு நடந்தே போகலாம் என்று ஒரு பெண் சொன்னாள். பாத்திஹாவுக்குக் கை ஏந்திய கிழவர், வெளிநாட்டுக்காரி எவளும் தம் ஜன்னலைப் படம் எடுக்கக்கூடாது என்று தடியைத் தட்டினார். உங்க ஜன்னல்ல என்ன இருக்கு எடுக்கறதுக்கு என்று உள்ளூர்க்காரி ஒருத்தியிடமிருந்து பதில் வந்தது. பழைய கல்குவாரிப் பக்கமாக மலையின் முதுகில் ஏறினால் என்ன என்று யாரோ கேட்டார்கள். அங்கே மழைக்காலத்தில் மண் சரியும் என்று வேறு யாரோ கத்தினார்கள். விருந்தாளியின் முன்னால் இப்படிச் சண்டை போடுகிறோமே என்ற வெட்கம் யாருக்கும் வரவில்லை. விருந்தாளி இரண்டு கையாலும் எழுதிக்கொண்டிருந்தாள். வெறும் தாள் நிறைந்து, அவள் சுவரிலேயே எழுதிவிடுவாளோ என்று பயந்தோம். அவ்வளவு மகிழ்ச்சியான முகத்தை ஒரு நிச்சயதார்த்தத்தில்கூட நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஆன திட்டத்தில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தோற்றார்கள். அதனால்தான் அது எங்கள் திட்டம் என்று தோன்றுகிறது. தெரு குவாரிப் பக்கமாகத் தாங்குசுவரோடு ஏறி, தளத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே வந்து வண்டி திரும்பும் இடத்தோடு நின்றுவிடும். உம் ஃபிராஸின் அறைகள் பிழைத்தன, கோழிக்கூண்டு போயிற்று. முசுக்கொட்டை மரம் இருக்கிறது. ஹிக்மத்தின் கடைச் சுவரில் மட்டும் ஓவியம் வரைந்துகொள்ளலாம். படிகளுக்குக் கைப்பிடி வரும். அபூ ஸுஹைலின் வீடு தளத்துக்கு மேலே. செங்குத்தான மேல்பாதியை அவர் இனியும் ஏறத்தான் வேண்டும். அவர் கேட்டது வாசல்வரை, கிடைத்தது பாதிவரை. மேலே கொண்டுபோக வழியே இல்லையா என்று ரஸ்மியா கேட்டபோது, இருக்கிறது, மூன்று வீடு போகும் என்றாள் அரீஜ். அபூ ஸுஹைல் அதற்குமேல் கேட்கவில்லை.

உம் ஃபிராஸின் சுவரில் இருந்த சிவப்புக் கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்த அன்று மாலை அவர் ஒட்டக மயிர் அங்கியை மாட்டிக்கொண்டு, ரஸ்மியாவையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகத் தளத்துக்கு இறங்கினார். முசுக்கொட்டை மரத்தடியில் மூச்சு வாங்குகிற சாக்கில் நாங்கள் சிலர் நின்றுகொண்டிருந்தோம்.

உம் ஃபிராஸ் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, கசப்புக் காப்பி கொண்டுவந்தாள். அவர் கோப்பையை வாங்கினார். எதிரே இருந்த சின்ன மேசையில் வைத்தார். எங்கள் மலையில் ஒரு பெண்ணின் முன்னால் எவரும் அப்படிக் கோப்பையை வைத்ததில்லை. பெண்கள் முன்கூட்டியே பேசி முடித்துவைத்த ஜாஹாவும் அல்ல அது; என்ன பதில் வரும் என்று ரஸ்மியாவுக்கே தெரியாது. தம் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அபூ ஸுஹைல் பயந்ததை நாங்கள் வாசலிலிருந்து பார்த்தோம்.

உம் ஃபிராஸ் கோப்பையைப் பார்த்தாள். என்ன கோரிக்கை என்று கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஜாடிகளை ஒழுங்குபடுத்தினாள். அடுப்பைத் துடைத்தாள். கத்தரிக்காய்க்கு உப்பு சரியா என்று பார்த்தாள். இருட்டும் நேரம் ஆயிற்று. காப்பியின் மேல் மெல்லிய ஏடு படிந்தது. அபூ ஸுஹைல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வித்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

வெகுநேரம் கழித்து அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“குடிங்க, அபூ ஸுஹைல்,” என்றாள். “சூடா வேற தரமாட்டேன். ஆறினதையே குடிங்க.”

அவர் குடித்தார். ரஸ்மியா திரும்பும்போது அவள் கையில் ஒரு தட்டு இருந்தது. அதில் எண்ணெய் மினுங்க ஆறேழு கத்தரிக்காய்கள். அபூ ஸுஹைல் மேல்பாதிப் படிகளைப் பார்த்து ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார்.